தராசில் தேறிய மாத்திரை

பதுளை நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களில் இன்று இரும்பு தூக்குகிறவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் கணிசம். பசறை, ஹாலிஎல, தெமோதரை, ஸ்பிரிங்வெளி என்று சுற்றியுள்ள மலைகளிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்து, மாலையில் ஒரு மணி நேரம் உடம்பைக் கவனித்துவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். ஒரு மாதம் போனதும் எல்லாரும் பயிற்சியாளரிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எந்தப் பவுடர் வாங்கலாம்?" வே புரோட்டீனா, கிரியேட்டினா, பயிற்சிக்கு முன்னால் கலக்கிக் குடிக்கிற ப்ரீவொர்க்அவுட்டா? டப்பாவின் விலையோ தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவின் பல நாள் சம்பளம்.

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் ஒரு விசித்திரமான சரித்திரம் கிடைக்கிறது. பலத்தையும் தாக்குப்பிடிக்கும் சக்தியையும் கூட்டுகிறதா என்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்து உழைப்பாளிகளையே ஓடுபொறியில் ஏற்றியும், அவர்கள் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்தும் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்த சத்து மருந்து ஒன்று உண்டு. அதற்கு விளம்பரம் கிடையாது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் இரும்பு மாத்திரைதான் அது. அது பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் பவுடர் கேள்விக்குப் பாதி விடை தானாகவே வந்துவிடும்.

காந்தத்தில் ஒட்டிய ரத்தம்

உடம்புக்குள் இரும்பு இருக்கிறது என்பதே ஒரு காலத்தில் நம்ப முடியாத செய்தி. இத்தாலியின் பொலோஞா நகரத்தைச் சேர்ந்த வின்செஞ்சோ மெங்கினி 1740களில் ரத்தத்தைக் காய வைத்து வறுத்துப் பொடியாக்கி, அதன்மேல் காந்தத்தைக் காட்டினார். பொடியிலிருந்து துகள்கள் எழுந்து காந்தத்தில் ஒட்டின. அவருக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்து மருத்துவர் தோமஸ் சிடன்ஹாம் இரும்புத் துருவலைத் திராட்சை மதுவில் ஊறவைத்து, வெளிறிச் சோர்ந்த நோயாளிகளுக்குக் கொடுத்து வந்தார். எதனால் குணமாகிறது என்று அவருக்குத் தெரியாது. குணமாவது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த நோயாளிகள் பெரும்பாலும் இளம் பெண்கள். முகம் வெளுத்து, தோல் லேசாகப் பச்சை படர்ந்து, படியேறினால் மூச்சு வாங்கி, நாள் முழுக்கச் சோர்ந்து கிடப்பார்கள். ஐரோப்பிய மருத்துவம் இதைப் பல நூற்றாண்டுகளாகக் கன்னிப் பெண்களின் நோய் என்றது. காதல் ஏக்கம் என்று சொன்னவர்களும் உண்டு, கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று எழுதியவர்களும் உண்டு. உடம்பில் ஒரு பொருள் குறைந்ததற்கு அந்தப் பெண்ணின் மனசைக் குற்றம் சொன்ன வழக்கம் அது.

1832இல் பிரான்சின் தெற்கே, ரோன் நதிக்கரையில் உள்ள பொக்கேர் என்ற சிற்றூரின் மருத்துவர் பியர் பிளோ ஒரு மாத்திரையைப் பற்றி எழுதினார். இரும்பு சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்துப் பிடித்த உருண்டை. அளவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்ததில் வெளிறிய பெண்கள் சில வாரங்களில் தேறினார்கள். பிளோவின் உறவினர் ஒருவர் அதையே வியாபாரமாக்க, 'பிளோ மாத்திரை' ஐரோப்பா முழுக்கப் பரவியது. இன்று நம் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையின் நேரடி மூதாதை இதுதான். ஒரு வேடிக்கை: அதே 1832இல் பாரிஸில் வேதியியலாளர் மிஷேல் செவ்ரெல் இறைச்சிச் சாற்றிலிருந்து ஒரு புதுப் பொருளைப் பிரித்தார். அதற்குக் கிரியேட்டின் என்று பெயர் வைத்தார். கிளினிக் மாத்திரைக்கும் ஜிம் டப்பாவுக்கும் பிறந்த ஆண்டு ஒன்று.

பிளோ கையாண்ட இரும்பு சல்பேட் தமிழருக்குப் புதிய சரக்கு அல்ல. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் எடுத்துத் தருவது அதைத்தான். அன்னபேதியை எலுமிச்சம் சாற்றில் சுத்தி செய்து, புடமிட்டுச் செந்தூரமாக்கி, பாண்டு நோய்க்குக் கொடுப்பது சித்த வைத்திய வழக்கம். வெளிறிய உடம்புக்கு இரும்பு கொடுக்க வேண்டும் என்ற அனுபவ அறிவை இரண்டு மரபுகளும் தனித்தனியே எட்டியிருந்தன.

ஆனால் பிளோ மாத்திரைக்கு எதிர்ப்பும் எழுந்தது. கனிம இரும்பைக் குடல் உறிஞ்சவே உறிஞ்சாது, இதெல்லாம் வீண் வேலை என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய பேராசிரியர்களே வாதிட்டார்கள். 1893இல் எடின்பரோவின் ரால்ஃப் ஸ்டாக்மன் இரும்பு உப்பைத் தோலுக்கடியில் ஊசியாகவும் ஏற்றிக் காட்டினார். குடலைத் தொடாமலே ரத்தம் தேறியது. உடம்பு அந்த இரும்பை ரத்தமாக்கிக்கொள்கிறது என்பது அதோடு நிலைபெற்றது.

வரவு ஒன்றரை, செலவு எவ்வளவு?

வளர்ந்த ஒருவர் உடம்பில் உள்ள மொத்த இரும்பு மூன்று, நான்கு கிராம்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. நுரையீரலில் ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டு போய்த் தசைக்குக் கொடுப்பது அதன் வேலை. மலையேறும்போதும், கொழுந்துக் கூடையைச் சுமக்கும்போதும், பளு தூக்கும்போதும், ஓடும்போதும் தசை கேட்பது ஒட்சிசனைத்தான். ஹீமோகுளோபின் குறைந்தால் இதயம் அந்தக் குறையை ஈடுகட்ட வேகமாக அடிக்கும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் கால் நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும்.

உடம்பு இரும்பை மிகவும் சிக்கனமாகச் செலவழிக்கிறது. 120 நாள் வாழ்ந்து மடியும் சிவப்பணுக்களிலிருந்து இரும்பைத் திரும்ப எடுத்துப் புதிய அணுக்களுக்குக் கொடுக்கிறது. உணவிலிருந்து நாளொன்றுக்குக் குடல் உறிஞ்சுவது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம் மட்டுமே. வரவு இவ்வளவு குறைவு என்பதால், ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறினாலே கணக்கு புரண்டுவிடும். மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவம் என்று பெண்களுக்குச் செலவு ஏற்கனவே அதிகம். தோட்டத்தில் அதோடு இன்னொரு செலவும் சேர்ந்தது.

அது கொக்கிப் புழு. நெகேட்டர் என்ற வகைக் கொக்கிப் புழு ஒன்று நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 0.03 மில்லிலீற்றர் ரத்தம். குடலில் நூறு புழு இருந்தால் மூன்று மில்லிலீற்றர். அதோடு ஒன்றரை மில்லிகிராம் வரை இரும்பும் போகும். உடம்பின் ஒரு நாள் வரவு முழுவதையும் புழுவே தின்றுவிடுகிறது என்று பொருள்.

இந்தப் புழு எப்படி உள்ளே வருகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் ஆர்தர் லோஸ் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். குடம்பிகள் இருந்த நீர் தவறுதலாகக் கையில் சிந்தியது, தோல் அரித்தது, கொஞ்ச காலத்தில் அவர் மலத்திலேயே புழு முட்டைகள் தென்பட்டன. வாய் வழியாகத்தான் வரும் என்று நம்பிய உலகத்துக்கு, ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பதே போதும் என்று தெரிந்தது. வெறுங்காலும் ஈர மண்ணும் மலசலகூடமில்லாத லயமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அன்றைய தோட்டம்.

1916இல் அமெரிக்காவின் ரொக்கஃபெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியது. சோதித்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் குடலில் புழு இருந்தது. செனோபோடியம் எண்ணெய் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். ஆனால் மருந்து குடித்தவர் அதே மண்ணில்தான் மறுநாளும் வேலைக்கு இறங்கினார். மலசலகூடம் கட்டப் பணம் செலவாகும். பல தோட்டங்களில் நிர்வாகம் அதற்கு முன்வரவில்லை. புழு திரும்பி வந்தது. இந்த மக்களைத்தான் துரைமார் சோம்பேறிகள் என்றார்கள். ஐரோப்பாவில் காதல் ஏக்கம் என்று பேர் வைத்த அதே சோர்வுக்கு இங்கே வேறு பேர்.

மாத்திரையின் இன்னொரு தாய்

கிளினிக்கில் இரும்போடு சேர்த்துக் கொடுப்பது போலிக் அமிலம். அதன் பிறப்பு பம்பாயில்.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவ ஆய்வாளர் பம்பாய் வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளிடம் கடுமையான ரத்தச்சோகை ஒன்று இருந்தது. அதில் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக வீங்கியிருந்தன. இரும்பு கொடுத்தும் பயனில்லை. கிருமியா, சூழலா, சாப்பாடா என்று ஒவ்வொன்றாகத் தேடி, கடைசியில் குறை சாப்பாட்டில்தான் என்று முடிவுக்கு வந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகள் வேகமாகத் தேறினார்கள். அவர் கையாண்ட மலிவான ஈஸ்ட் சாறு வேறொன்றுமில்லை, இலங்கையில் இன்றும் பாணில் தடவிச் சாப்பிடுகிற மார்மைட். 1931இல் தன் முடிவுகளை வெளியிட்டார். 1934-35இல் இலங்கையை மலேரியாக் கொள்ளைநோய் உலுக்கியபோது, நலிந்துபோனவர்களைத் தேற்ற இங்கேயும் மார்மைட் கொடுத்தார்கள். மார்மைட்டில் மறைந்திருந்த அந்தப் பொருளைப் பிறகு 1941இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பசளிக் கீரை வகையொன்றிலிருந்து பிரித்து, போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

பிரான்சின் சிற்றூர் மருத்துவர் ஒருவரும் பம்பாய் ஆலைத் தொழிலாளப் பெண்களோடு நின்ற ஒரு மருத்துவ ஆய்வாளரும் சேர்ந்து பெற்ற பிள்ளை, இன்று கர்ப்பிணித் தாய்மாருக்கு நம் குடும்பநல உத்தியோகத்தர் எண்ணிக் கொடுக்கும் மாத்திரை.

ஓடுபொறியும் கொழுந்துத் தராசும்

இதுவரை இரும்பு ஒரு நோய்க்கு மருந்து. அது உழைக்கும் பலத்தை எவ்வளவு கூட்டும் என்ற கேள்வி மிஞ்சியிருந்தது. அதை அளந்தது 1970களில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று மலையகத்து மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1973, 74இல் மாவும் அரிசியும் அருகி, கூப்பன் அளவு சுருங்கி, தோட்டங்களில் பட்டினியும் சாவும் ஏறின. கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று நாளைத் தள்ளிய குடும்பங்கள் உண்டு. அதையடுத்த ஆண்டுகளில்தான், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஜெரல்ட் கார்ட்னர், ரெஜி எட்ஜர்டன், ஜப்பானியரான ஓஹிரா, இலங்கை மருத்துவர் செனவிரத்ன முதலானோர் கொண்ட குழுவின் ஆய்வுகள் வெளிவந்தன.

முதல் கேள்வி எளிமையானது. ரத்தம் குறைந்தவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? 22 முதல் 65 வயது வரையான 75 பெண்களை, வேகமும் ஏற்றமும் படிப்படியாகக் கூடும் ஓடுபொறியில் நடக்க வைத்தார்கள். அவர்களுடைய ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 6.1 கிராமிலிருந்து 15.9 கிராம் வரை விரிந்திருந்தது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஹீமோகுளோபின் இறங்க இறங்க, அவர்கள் தாக்குப்பிடித்த நேரமும் இறங்கியது. அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடித்தது. ஒட்சிசன் போதாத தசையில் சேரும் லக்டேட் கூடுதலாக இருந்தது. 1977இல் வெளியான இந்த முடிவு, உடம்பு ஏலவில்லை என்று அந்தப் பெண்கள் சொல்லி வந்ததற்கு எண் வடிவம் கொடுத்தது.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. இரும்பு கொடுத்தால் வேலை கூடுமா? இதற்கு அவர்கள் எந்த ஆய்வுக்கூடக் கருவியையும் நம்பவில்லை. ஒவ்வொருவரும் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்தின் எடையையே அளவுகோலாக எடுத்தார்கள். ஒரு சாராருக்கு இரும்பு. இன்னொரு சாராருக்குப் பார்வைக்கு அதே மாதிரியான வெற்று மாத்திரை. ஒரு மாதத்தில், ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். மிகவும் குறைந்திருந்தவர்களிடம், அதாவது 6க்கும் 9க்கும் இடையில் இருந்தவர்களிடம், முன்னேற்றம் அதிகமாக இருந்தது.

இன்னொன்றையும் பதிவு செய்தார்கள். வேலை நேரத்தில் மட்டுமல்லாமல், சிலரிடம் 24 மணி நேரமும் உடம்பின் அசைவைக் கருவியால் அளந்தார்கள். மூன்று வாரத்தில், இரும்பு சாப்பிட்டவர்கள் நாள் முழுக்கவே கூடுதலாக இயங்கினார்கள். வேலைத்தலத்தில் பலத்தையெல்லாம் கொட்டிவிட்டு லயத்துக்கு வந்து சுருண்டு விழுகிற நிலை மாறியது. 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இந்தக் கட்டுரை வந்தது. அதே ஆண்டு இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்களிடம் பாஸ்தா, சுகிர்மன் முதலியோர் நடத்திய ஆய்வும் வெளியானது. 60 நாள் இரும்பு கொடுத்ததில் சோகை இருந்தவர்களின் உற்பத்தி ஏறியது என்பதே அங்கேயும் முடிவு. எட்ஜர்டன் பின்னாளில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களை மறுபடி நிற்க வைக்கும் ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்றார். அவருடைய பெயரோடு ஒரு கொழுந்துத் தராசும் சேர்ந்திருப்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

தோட்டக்காரருக்கு இந்த எண்களின் பொருளை விளக்க வேண்டியதில்லை. நிர்ணயித்த கிலோ வந்தால் முழுப்பேர், வராவிட்டால் அரைப்பேர். கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக மிஞ்சுகிற எடையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ குறைந்தாலே அன்றைய சம்பளம் பாதியாகிவிடும். ரத்தத்தில் குறைகிற இரண்டு கிராம், செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அரைப்பேராக விழுகிறது. அதைப் பார்த்துக் கங்காணி ஏசினால், ஏச்சு வாங்குவது அந்தப் பெண். குற்றவாளி அவளுடைய ரத்தத்தில் இல்லாத இரும்பு. ஒரு மாதம் மாத்திரை போட்டதும் கூடை கனத்ததே, அப்படியானால் முன்பு அவளுக்கு இருந்தது சோம்பலா?

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. கூடுதல் கொழுந்து தோட்டத்துக்கு லாபம் என்பதும் அந்த ஆய்வுகளின் வாதங்களில் ஒன்று. வாதம் சரிதான். ஆனால் ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஊற வேண்டும் என்பதற்குக் கொழுந்தின் எடை காரணமாக இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம். தோட்டங்களில் 31 சதவீதத்துக்கும் மேல். தாயின் ரத்தக் கணக்கும் பிள்ளையின் உயரக் கணக்கும் ஒரே ஏட்டில்தான் எழுதப்படுகின்றன.

சாயத்தண்ணியில் கறுப்பு

பிறந்த கதையில் சொல்லாமல் விடக்கூடாத எதிரி ஒருவர் உண்டு. அவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். ஓர் இரும்பு மாத்திரையை நசுக்கி, ஒரு கோப்பை சாயத்தண்ணியில் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் தேத்தண்ணி மை போலக் கறுக்கும். இரும்பும் தேயிலையின் டனினும் கட்டிக்கொண்டதால் வரும் நிறம் அது. ஐரோப்பியர் நூற்றாண்டுகளாக எழுதிய மையும் இதே வேதியியலில் பிறந்ததுதான். கட்டிக்கொண்ட இரும்பைக் குடல் எடுக்க முடியாது.

1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் இதை மனிதர்களிடமே அளந்து காட்டினார்கள். இரும்பு உப்போ, பாணோ, சோறோ எதைச் சாப்பிட்டாலும் கூடவே தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சுவது குறைந்தது. சமைத்த ரத்தத்தின் இரும்பை, அதாவது இறைச்சியில் இருப்பது போன்ற இரும்பை, தேநீரால் அவ்வளவு தடுக்க முடியவில்லை. ஆகவே இறைச்சி தாராளமாகச் சாப்பிடும் வீட்டுக்குத் தேநீரால் பெரிய நட்டமில்லை. காலையில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும், மத்தியானம் சோறும் ஒரு மரக்கறியும் என்று வாழும் வீட்டுக்குத்தான் நட்டம். ஊவாவின் ஆடி, ஆவணிக் காற்றில் விளையும் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. அதைப் பறிக்கிறவரின் தட்டில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் தட்டிப் பறிப்பது அதே செடி.

இதற்காகத் தேத்தண்ணியை விடச் சொன்னால் மலையகத்தில் யார் கேட்பார்கள்? விடவும் வேண்டாம். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடித்தால் போதும். சம்பலில் தேசிக்காய் பிழிவது, கொய்யாப்பழம் தின்பது இரண்டும் இரும்பை உள்ளே இழுக்க உதவும். அன்னபேதிக்கு எலுமிச்சம் சாற்றைச் சேர்த்த வைத்தியர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

அப்படியானால் எதை வாங்குவது?

இப்போது ஜிம் கேள்விக்கு வருவோம். தராசு சொன்ன விதி ஒன்றுதான்: குறை இருக்கிற இடத்தில்தான் சத்து மருந்து பலம் கூட்டும், குறை எவ்வளவோ, கூடுவதும் அவ்வளவு. ரத்தம் சரியாக உள்ள ஒருவர் இரும்பை அள்ளிச் சாப்பிட்டு வேகமாக ஓட முடியாது. 2000ஐ ஒட்டிக் கண்டுபிடித்த ஹெப்சிடின் என்ற ஈரல் சுரப்பு இதை விளக்குகிறது. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் ஏறி, ஏறத்தாழ ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்துகிறது. அதனால்தான் இரும்புக் குறைவுள்ள பெண்களில், ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போட்டால் உறிஞ்சுவது கூடுகிறது என்று 2017இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். எந்த முறை யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையால் மலம் கறுப்பது பயப்பட வேண்டிய விஷயமில்லை. வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். சிறு பிள்ளைகள் கைக்கு மட்டும் எட்டக்கூடாது. மிட்டாய் என்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பதுளைக்காரருக்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. இலங்கையில் தலசீமியா நோயாளிகள் அதிகமுள்ள மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. தலசீமியாவிலும் ரத்தம் குறைந்துதான் இருக்கும். ஆனால் உடம்பில் இரும்பு தேங்கிக் கிடக்கும். வெளிறியிருக்கிறார் என்று அந்த நோயாளிக்கு மாத்திரையை வாங்கிக் கொடுத்தால் ஈரலுக்கும் இதயத்துக்கும் கேடு. எனவே சோதிக்காமல் இரும்பு வேண்டவே வேண்டாம்.

மற்ற டப்பாக்களுக்கும் இதே விதி பொருந்தும். பருப்பு, முட்டை, நெத்தலி, பால் என்று நாளாந்தச் சாப்பாட்டில் புரதம் போதுமானால், பாற்கட்டி செய்யும்போது பிரிகிற நீரிலிருந்து எடுத்த வே புரோட்டீன் தனியாக ஒரு அதிசயமும் செய்யாது. போதாதென்றால் அது ஒரு வசதியான வழி, அவ்வளவுதான். செவ்ரெலின் கிரியேட்டின், நாளுக்கு மூன்று முதல் ஐந்து கிராம் என்ற அளவில், குறுகிய நேர பளுவேலைக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது; நெடுந்தூர ஓட்டத்துக்கு அவ்வளவு இல்லை. ப்ரீவொர்க்அவுட்டின் முக்கியச் சரக்கு பெரும்பாலும் கஃபீன். அம்மா பறிக்கிற கொழுந்திலும் அதே கஃபீன்தான் இருக்கிறது. ஒரு கோப்பை சாயத்தண்ணியில் கிடைப்பதை வண்ணப் பொடியாகக் கலக்கிப் பல மடங்கு விலைக்கு வாங்குகிறோம். பெயர் தெரியாத பொடி, லேபலில்லாத லேகியம் இரண்டையும் தொடாமலிருப்பது நல்லது. 2011இல் தோள்பட்டை வலிக்கு எடுத்த நாட்டு மருந்தில் தடைசெய்த பொருள் இருந்ததால் உபுல் தரங்க மூன்று மாதம் கிரிக்கெட் ஆட முடியாமல் போனார். தேசிய அணி வீரருக்கே அந்த நிலை.

ஆகவே, பவுடர் வாங்கக் காசு சேர்த்திருக்கிற தம்பி, தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் முழு ரத்தப் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரிந்த பிறகு டப்பாவைப் பற்றி யோசிக்கலாம். குறைந்திருந்தால் உங்களுக்கு வேண்டிய சத்து மருந்து எதுவென்று டொக்டரே சொல்வார். இரும்பு மாத்திரை என்றால் அதன் விலை டப்பாவின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கொழுந்து பறிக்கிற அம்மா வீட்டில் இருந்தால் அவரையும் கூடவே கூட்டிப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனைக்குக் காசு வாங்குவதில்லை.